ஆறு கட்டை

பாட்டுப்பெட்டி வருவதற்குப் பதினோரு மாதம் முன்பே
தட்டு வாங்கிவிட்டேன்.
ஊட்டி கமர்ஷியல் ரோட்டில், பன்னிரண்டு ரூபாய் சொச்சம்.
பஸ்ஸுக்குப் போக மீதியில் இரண்டு வர்க்கி.
கோத்தகிரி வரை மடியில் பிடித்திருந்தேன்,
வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த ஒரு பெண்ணிடமிருந்து காப்பாற்றி.

வீட்டில் அதை ஓட்ட எதுவும் இல்லை.
ஜன்னலில் சாய்த்துப் பள்ளங்களைப் பார்ப்பேன்.
அடர்ந்த கறுப்பு பல்லவி என்றும்
மினுங்கும் இடம் வயலின் என்றும் நானே வைத்துக்கொண்டேன்.
ஒருநாள் நகத்தை வைத்துச் சுற்றியதற்கு
அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்:
"அரிசியில கல்லா?"

உருளைக்கிழங்கு விலை தாறுமாறாய் ஏறிய வருஷம்
லிங்கனின் அப்பா மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து
லாரி முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார் அதை.
சிவப்பு மூடி, கைப்பிடி,
அடியில் ஆறு கட்டைக்கு இடம்.
ஹட்டிக்கு அப்போது கரண்ட் வரவில்லை.
விதைக்கிழங்கு அறையில், சாக்கின் மேல் வைத்து
லிங்கன் முள்ளை இறக்கினான்.
முதலில் கரகரப்பு.
மழை என்று நினைத்து யாரோ
காயப்போட்ட கம்பளியை எடுக்க ஓடினாள்.
பிறகுதான் அவர் பாடினார்.

மூன்றாம் நாள் கட்டை இறங்கியது.
சங்கீதக்காரர்கள் சொல்லும் கட்டையும்தான்.
ஐந்தரையில் எடுத்தவர்
சரணத்தில் இரண்டுக்கு வந்துவிட்டார்.
சளி பிடித்த வாத்தியார் போல,
பிறகு ஏற்றத்தில் கியர் மாறாத லாரி போல.
புதுக்கட்டைக்குக் காசில்லை.
வெயிலில் வைக்கலாம் என்றால்
ஆனி மாதத்தில் இந்த மலையில் எது வெயில்?

அண்ணன் தனிஸ்லாஸுக்குத் தேயிலை ஃபாக்டரியில் நைட் ஷிப்ட்.
டிரையர் தகரத்தின் மேல் ஆறையும் அடுக்கிவைத்து
விடியற்காலை துண்டில் முடிந்து தருவான்,
இட்லி மாதிரி, சுடச்சுட.
சூப்பர்வைசர் கேட்டதற்கு
முழங்காலுக்கு ஒத்தடம் என்றானாம்.
சூடு இருக்கும்வரை பாட்டு.
பெட்டிக்குள்ளிருந்து தூள்வாசம் வரும்.
இன்றும் டஸ்ட் டீ கொதிக்கிறபோது
அந்த முன்னிசை ஒரு நொடி வந்து போகிறது,
சர்க்கரை போடுவதற்குள்.

சூடு ஆறினால் மாதி. லிங்கனின் தங்கை.
மோட்டார்தான் செத்திருக்கும்,
ஸ்பீக்கரில் கொஞ்சம் உயிர் கிடக்கும்.
நடு லேபிளில் ஆள்காட்டி விரல் வைத்துச் சுற்றுவாள்.
அவள் நினைத்த இடத்தில் பாடுகிறவர் மூச்சு வாங்குவார்.
அவளுக்குக் கோபம் என்றால் பின்னோக்கி.
ஏதோ ஒரு ஊர் பாஷையில் அவர் கெஞ்சுவார்,
நாங்கள் கிழங்கு மூட்டையில் விழுந்து சிரிப்போம்.

நான் பார்த்தது விரலை.
நான் பார்த்ததை லிங்கன் பார்த்தான்.
மறுநாள் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்,
உறையில் பூத்த பூஞ்சையைத் துடைத்து,
ஒன்றும் சொல்லாமல்.

கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வாரம்
காந்திபுரம் சலூன் ரேடியோவில் அதே பாட்டு.
மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.
பாதி முகத்துச் சோப்போடு
"இது வேற ஆளு, வேற ஆளு" என்று சண்டை போட்டேன்.
சவரக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது போனில் இருக்கிறது.
வேகம் குறைக்கலாம் என்று மகள் காட்டினாள்.
முக்கால் வேகம் வைத்தோம்.
மெதுவாகத்தான் போகிறது,
குரல் மட்டும் இறங்கவே இல்லை.
களைக்காமல் மெதுவாக நடக்கிறவனை
என்னவென்று நம்புவது?

தட்டு பீரோவில், பத்திரங்களுக்கு அடியில்.
லேபிள் ஒரு விரல் அகலத்துக்கு
வட்டமாய்த் தேய்ந்து
படத்தின் பெயரில் பாதி போய்விட்டது.
மறுபக்கம் எழுத்து பளிச்சென்று இருக்கிறது.
அந்தப் பக்கத்துக்கும் போதுமான சூடு
ஒரு நாளும் மிஞ்சவில்லை.