எண்பத்தாறு

குடலிறக்கத்துக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.
முப்பது வருடம் செம்பனைக் குலையை
லோரியில் ஏற்றிய வயிறு
ஒரு பக்கம் முட்டை மாதிரி புடைத்து நின்றது.
வேறொன்றும் இல்லை எனக்கு.

பகாவிலிருந்து சிரம்பானுக்கு முதல் பஸ்.
வெறும் வயிற்றோடு படுக்க வைத்து
துணிக் கிளிப்பு போல ஒன்றை
விரலில் கவ்வ விட்டாள் மிஸி நோராசிகின்.
எண்பத்தாறு.
நகத்தைப் பார்த்தாள், சாயம் இல்லை.
மோதிர விரல். கட்டை விரல். காது மடல்.
வேறு மெஷின்.
எண்பத்தைந்து. எண்பத்தாறு.

ஓடி வந்தார்கள்.
மூக்கில் காற்றை மாட்டினார்கள்.
எண் அசையவில்லை.
நானோ மூன்று மாடி படியேறி வந்தவன்,
லிஃப்ட் ரோசாக் என்று எழுதியிருந்ததால்.
"மூச்சு வாங்குதா?"
"இல்ல."
"நெஞ்சு எப்படி?"
"பசிக்குது."
பக்கத்துக் கட்டில்காரர்
எனக்காகக் கந்தர் சஷ்டி கவசத்தைத் தொடங்கிவிட்டார்.

மணிக்கட்டில் ஊசி இறக்கி
ஆழத்து இரத்தம் எடுத்தார் டாக்டர் ஹஸ்லினா.
அதில் காற்று போதிய அளவு இருந்ததாம்.
அவர் மலாயில் விளக்கியதை
எனக்குத் தெரிந்த வேலையில் வைத்துப் புரிந்துகொண்டேன்:
மில் வாசலில் கிரேடர்
குலையைக் கடித்துப் பார்ப்பதில்லை,
நிறத்தைப் பார்ப்பான்.
சில குலை பழுத்தும் மேலே கறுப்பாகவே நிற்கும்.
புது ஆள் என்றால் காய் என்று தள்ளிவிடுவான்.
அந்தக் கிளிப்பும் வெளிச்சத்தை விரலுக்குள் அனுப்பி
அந்தப் பக்கம் வருகிற சிவப்பை எண்ணுகிறது.
என் இரத்தம் அதில் கொஞ்சத்தைப்
பிடித்து வைத்துக்கொள்கிறது, பிறந்த நாளிலிருந்து.

"நிஜமாகவே மூச்சு முட்டும் நாளில்
இந்த எண்ணை நம்பாதீங்க" என்றார்.
ஒரு கார்டு எழுதிக் கொடுத்தார்.
ஒரு பாரமும்:
இரத்த உறவு, பெயர், பிறந்த தேதி.

தம்பி குணசீலனுக்குத் தொண்ணூற்றொன்பது.
பரீட்சையில் வாங்கியதுபோல் வெளியே வந்தான்.
என் மகள் யஷ்வினிக்கு எண்பத்தேழு.
கையுறை ஃபேக்டரி மெடிக்கலில்
அவளைத் திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது.
நெஞ்சில் ஏதோ என்றார்கள் அன்றைக்கு.
ஒரு மாதம் அவளை
வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை நாங்கள்.

கதை பஸ் நிலையம்வரை போய்விட்டது.
நாசி லெமாக் மடித்துக்கொண்டே
செங்கமலம் சொன்னாள்:
"ரெண்டாவது பிரசவத்துல எனக்கும் எண்பத்தஞ்சுதான்.
பொழைக்க மாட்டான்னு
அம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க.
நான் ரோடு பூரா பேசிக்கிட்டே போனேன்."

ஐந்தாங்கட்டையில் அப்பா
ஒரு வருடம் தனியாக வேலை பார்த்தார்.
அங்கேதான் பிறந்தாள் செங்கமலம்.
ஊருக்குத் தெரியும்.
அம்மா போகும்வரை
எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை.

சட்டைப் பையில் பாரம் நான்காக மடிந்திருந்தது.
தங்கை என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.
எங்கள் இருவருக்கும் அப்பா கொடுத்தது
ஒருவேளை இது ஒன்றுதான்,
அதுவும் யாரோ கிளிப்பு மாட்டினால்தான் தெரியும்.

"எந்தத் தேதி பொறந்தீங்க?" என்றேன்.
எதுக்கு என்று கேட்கவில்லை.
சம்பல் இன்னொரு கரண்டி வைத்தாள்.
தேதியைச் சொன்னாள், மெதுவாக,
யாராவது எழுதிக்கொள்ளும் வேகத்தில்.

என்னிடம் பேனா இல்லை.
வாடிக்கைக்காரர் எல்லோரையும் அண்ணே என்பவள்
அன்றைக்கு என்னை மட்டும்
ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.