வளைவில்லாத ஊர்

எங்கள் பக்கம் ஒரு பட்டணத்தை அறிவது சுலபம்.
பஸ் கடைசி வளைவில் திரும்பும்போது
கீழே முழுதாகக் கிடக்கும்:
கோயில், பள்ளிவாசல், சாராயக் கடை,
பெற்றோல் செட்டு, பிறகு தேயிலை.
ஒரே பார்வை. முடிந்தது.

யாழ்ப்பாணத்துக்கு வளைவே இல்லை.
இரவு பஸ் இறக்கிவிட்ட இடத்தில்
என் கண்ணின் உயரத்தில் தொடங்கிய நகரம்
கண்ணின் உயரத்திலேயே நின்றது.
மதில். மதிலுக்கு மேல் பூவரசு.
அதற்கு மேல் வானம். அவ்வளவு வானத்தை
நான் ஓரிடத்தில் கண்டதில்லை.
தொப்பி கொண்டுவர மறந்திருந்தேன்.

மின்சாரசபையில் ஒருவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை.
இரண்டு மாதத்துக்கு அவருடைய வீடுகள் எனக்கு.
மரியநேசன் அண்ணர் ஒரு சைக்கிளும்
மீற்றர் பதியும் மெஷினும் தந்தார்.
"ஆரியகுளம் சந்தியில தொடங்கு.
தொலைஞ்சா ஆரையும் கேள். ஆனா
இடம் வலம் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம்.
வடக்காலை போய்க் கிழக்காலை திரும்பு எண்டுவினம்."

வடக்கு எது?
மலையில் திசை இரண்டுதான்: மேலே, கீழே.
காலையில் வெயிலைக் கேட்டுத் திரும்பினேன்.
மத்தியானம் வெயிலும் உச்சியில் நின்றுகொண்டு
எனக்கென்ன தெரியும் என்றது.

இராசாவின் தோட்டம் றோட்டில்
தோட்டம் என்ற சொல்லுக்கே கால் மெதுவானது.
கொழுந்து நிறுக்கும் மடுவம் எங்கே,
துரை பங்களா எங்கே?
டொக்டர் போர்டுகள், டியூசன் கொட்டில்.
இங்கே தோட்டம் என்றால் வெங்காயம், புகையிலை,
தன் நிலத்துக்குத் தானே இறைக்கும் தண்ணீர்.
ஒரே சொல். வேறு முதுகு.

வீட்டு இலக்கங்கள்
ஏதோ குடும்பச் சண்டைக்குப் பிறகு போட்டவை.
நாற்பத்தைந்தின் கீழ் மூன்றுக்குப் பக்கத்தில் நூற்றிப்பன்னிரண்டு.
நாய்களை வைத்துப் படித்தேன்.
மூன்றாம் ஒழுங்கையில் றொக்கி. குரைக்கும், வராது.
நாலாம் ஒழுங்கையில் பெயர் தெரியாத ஒன்று.
வரும், குரைக்காது.

"தம்பி எந்த இடம்?"
"கந்தப்பளை."
"ஓ... தோட்டப் பக்கமோ."
அந்த ஓகாரத்தின் நீளத்தைப் பதிய
மெஷினில் பொத்தான் இல்லை.
கேட்ட தண்ணீர் வந்தது,
குடித்துவிட்டு எறியும் கோப்பையில்.
அதே ஒழுங்கையின் தொங்கலில் இரத்தினேஸ்வரி அக்கா
ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டார்.
"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ,
உங்கட ஊர்த் தேயிலைதானே."
வெறும் தூள்.
எங்கள் ஊரில் நாங்கள் குடிப்பதும் அதுதான்.
நல்லாயிருக்கு என்றேன். நல்லாயும் இருந்தது.

குருநகரில் றால் பெட்டிகளை உறையவைக்கும் வீடு
மாதம் முழுக்க அலகு குடிக்கிறது.
கொட்டடியில் ஒரு விளக்கு விடிய விடிய எரிகிறது,
சோதனையா வருத்தமா என்று மீற்றர் சொல்லாது.
அறுபத்தொரு வீடு பார்த்த அன்று
ஒன்பது வீட்டில் சில்லு சுற்றவில்லை.
பக்கத்து மதிலுக்கு மேலால் ஒற்றைச் சொல் வரும்:
"கனடா." "சுவிஸ்."
ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டு சொல்: "லண்டன். வழக்கு."
பூச்சியம், பூச்சியம் என்று அழுத்தி
பெருவிரலில் ஒரு சின்னத் தழும்பு.

ஏழாவது கிழமை. ஓட்டோவில் ஒரு மனிதர்,
வெள்ளைச் சப்பாத்து, கையில் போன்.
போனுக்குள் வீதிகள் சுழன்றன.
"இதில கிடுகு வேலி இருந்தது," என்றார்,
"மூலையில ஒரு இலுப்பை..."
பிறகு என்னைப் பார்த்தார்.
"தம்பி இந்த இடமோ?"

"ஓம்."

அந்த ஓம் எப்போது என் வாயில் ஏறியது?
யார் வீடு என்று கேட்டேன், பெயரைச் சொன்னார்.
"வடக்காலை போங்கோ.
குரைச்சுக்கொண்டு வராம நிக்கிற நாய் கழிய
நீலக் கேற். இலக்கம் பார்க்காதேங்கோ."

அவர் வடக்கைத் தேடி வானத்தைப் பார்த்தார்.
நான் கையால் காட்டினேன்.

அந்த வீட்டில் இரண்டு முறை பூச்சியம் பதிந்தவன் நான்.
மூன்றாவதை, முதுகு நிமிர்ந்து வரும் மனிதர் பதிவார்.
எத்தனை அலகு என்று
மரியநேசன் அண்ணருக்கு அடித்துக் கேட்கலாம்.
கேட்பேனோ தெரியாது.

வெள்ளிக்கிழமை பஸ்.
அதற்கு முதல் ஒரு தொப்பி வாங்கவேண்டும்.