நாற்பத்தோராவது வாக்கியம்

ஃபிரிட்ஜின் செருகியைப் பிடுங்கிய கையோடு
கார்ச் சாவியை அதற்குள்ளே, வெண்ணெய் டப்பாவின் மேல் வைத்தாள் ரேலிகா.
இனி மறந்துபோய்க் கிளம்ப முடியாது பாருங்கள்.
போன வருடம் வேறொரு தீவில்
ஒரு வீட்டின் மீன் முழுவதும் நாறிப்போனது,
ஒரு நல்ல ஒலிப்பதிவுக்காக.

வால்டெக் தலையாட்டினார். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்.
நகக்கண்ணில் கிரீஸ். காலரில் ஒலிவாங்கி,
வாயிலிருந்து ஒரு சாண்.
எஸ்தோனியா, முஹூ தீவு, அக்டோபர்.
ஜன்னலுக்குக் கம்பளி. சுவர்க்கடிகாரம்
அடுத்த அறையில், தலையணைகளுக்கு நடுவே.

சும்மா பேசுங்கள், அளவு பார்க்கவேண்டும் என்றாள்.
சும்மா பேசு என்றால் யாருக்குப் பேச்சு வரும்?
காலையில் தின்ற கஞ்சியைப் பற்றி
சாட்சிக் கூண்டில் நிற்பவர்போலச் சொன்னார்.
அப்போது நாய் ஏதோ செய்தது. சிரித்துவிட்டார்.
பச்சைப் பட்டை தாவிச் சிவப்பில் முட்டியது.
இந்தக் கருவியில் பூஜ்யம்தான் கூரை;
மேலே எழும்பிய அலையெல்லாம்
உச்சி மழுங்கி, தட்டையாய் வெட்டுப்படும்.
வெட்டுப்பட்டது மறுபடி முளைப்பதில்லை.
அன்றைய நாளின் மிக நல்ல ஒலி அந்தச் சிரிப்பு.
அதை அழித்துவிட்டு அளவைக் குறைத்தாள்.

பிறகு சொற்கள்.
கபி என்றால் குளம்பு.
கப்பி, அலமாரியினுடைய.
அலமாரிக்குள் என்று சொல்ல
உதட்டை இன்னும் சற்று மூடிவைக்க வேண்டும்;
அதை எழுத நம்மிடம் இருக்கும் புள்ளி போதாது.
குதிரையின் காலுக்கும் கோட்டு மாட்டும் மூலைக்கும் இடையே
காத்திருக்கும் காற்று மட்டுமே வித்தியாசம்.
அறுபது வாக்கியம், ஒரே அச்சில்,
இன்னொருமுறை இதைச் சொல், இன்னொருமுறை இதைச் சொல்.
அலுப்பில் சுருதி இறங்கியது,
முடிவுகளில் குரல் பழைய கதவாயிற்று.

தார்த்து நகரம். இரவு.
நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு தடவை
எட்டிப் பார்த்துக் குறித்த எண்கள்
திரையில் சாம்பல் படமாய் விரிகின்றன.
இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் அதிர்வெண்.
எங்கே கருமையோ அங்கே வலு.
அகரத்தின் கீழிரு பட்டைகள் ஒட்டி நடக்கும்,
இகரத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்போல் விலகும்.
நடுவில் ஒரு வெள்ளை. அதுதான் பகரம்.
ஒன்றுமில்லாத அந்த இடத்தின் அகலத்தைத்தான்
சுட்டியால் பிடித்து அளந்துகொண்டிருக்கிறாள்
இத்தனை படித்த ஒருத்தி.
அறுபத்திரண்டு மில்லி நொடி. நூற்று முப்பத்தொன்று. இருநூற்றைந்து.
ஒரு கண்ணிமைப்பை மாத்திரை என்றால்
அதற்குள் மூன்று சொற்கள்.

நாற்பத்தோராவதில், தொள்ளாயிரத்துப் பதினாறு.

விக்கலா? தும்மலை அடக்கினாரா?
கேட்டுப் பார்த்தாள். உதடு மூடுகிறது,
வெகுநேரம் கழித்துத் திறக்கிறது, அவ்வளவுதான்.
படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும்.
வெள்ளையின் அடிமட்டத்தில், நூறுக்கும் கீழே,
மழுங்கிய பென்சிலால் கிழித்ததுபோல் கோடுகள்.
மூன்று கோடு, ஓர் இடைவெளி.
மூன்று கோடு, ஓர் இடைவெளி.

காலையில் தொலைபேசியில் அவர் யோசிக்கக்கூட இல்லை.
எந்தெலின் படகு. ஒரு சிலிண்டர் எரியவில்லை.
உங்களுக்குக் கேட்கவில்லையா?
ஏன் அப்போதே சொல்லவில்லை?
பட்டியலில் இல்லாததைப் பேசாதீர்கள் என்றீர்களே.
அப்புறம், சாவியை எடுத்துக்கொண்டீர்கள்,
செருகியை மாட்டவில்லை.
பரவாயில்லை. நாய்க்கு விருந்து.

சராசரியைக் கெடுக்கும் வரிசை அது. விலக்கு.
காரணம் என்ற கட்டத்தில்
விரல் பழக்கத்தில் பின்னணி இரைச்சல் என்று தட்டியது.
அழித்தாள்.
பேசுபவர் கேட்டுக்கொண்டிருந்தார்
என்று எழுதி
நாற்பத்திரண்டுக்குப் போனாள்.