நிலத்தோடு ஓடும்

காணிப் பதிவேட்டில் ஒரு வரி:
‘இவ்விடத்தில் மரக்கறி, பழம், இறைச்சி, பாண்
எதுவும் விற்கலாகாது.’
கீழே கையொப்பம், முத்திரை, ஆண்டு இரண்டாயிரத்து மூன்று.
முடிவுத் திகதி என்ற கட்டத்தில்
எவரோ இழுத்துவிட்ட சிறு கோடு.

வின்னிபெக்கின் மேற்கே
பேரங்காடி ஒன்று பூட்டிவிட்டுப் போன கட்டடம்.
போகும்போது குளிர்பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனது.
தள்ளுவண்டிகளைக் கொண்டுபோனது.
பெயர்ப்பலகையையும் கொண்டுபோனது,
அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுக்காமல் கிடக்கிறது.
விட்டுப்போனது இந்த வரியைத்தான்.

பிறகு அங்கே கம்பளம் விற்றார்கள்.
ஒரு ஐப்பசியில் பேய்வேஷம் விற்றார்கள்.
பேய்க்குத் தடையில்லை.

என் வேலை, வழக்கறிஞர் அலுவலகத்தில்
காணிகளின் சாதகம் பார்ப்பது.
எதன் மேல் எவ்வளவு கடன், எந்தக் குழாய் யாருடையது,
எந்த வேலி அயலான் பக்கம் ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது.
இப்படியொரு தோஷத்தை நான் கண்டதில்லை.
நிலத்தோடு ஓடும் நிபந்தனை என்று
இதற்குப் பெயர்.
நிலம் எங்கே ஓடியது?
மைனஸ் முப்பதில் அசையாமல் கிடந்தது.
ஓடியது நாங்கள்,
பாணுக்கு ஒரு பஸ், மீனுக்கு இரண்டு பஸ்.

பள்ளியில் படித்த இலக்கணத்தில்
ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் உண்டு:
பூ, பறவை, பறை, உணவு.
உணவை மட்டும் கழித்துவிட்ட நிலத்தை
எந்தத் திணையில் வைப்பது?

தயாபரன் அண்ணருக்கு இதைச் சொன்னபோது சிரித்தார்.
‘கொத்தமல்லிக்கு நாடுகடத்தலோ, தங்கச்சி?’
கடன் கடிதத்தை நாலாக மடித்து
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு எங்கெங்கோ காற்று மாறியது.
வாஷிங்டனில் ஒரு தேடுபொறியைக் கூண்டில் ஏற்றினார்கள்.
பிரசல்ஸில் தண்டம். கன்பராவில் விசாரணை.
ஒட்டாவாவில் சட்டத்தைத் திருத்தினார்கள்.
நான் அதையெல்லாம் மத்தியானச் சோற்றோடு வாசித்தேன்,
பூச்சியங்களை எண்ணாமல்.
எங்கள் பங்குக்கு வந்தது ஒரு பக்கக் கடிதம்:
‘நல்லெண்ணத்தின் பேரில்,
தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்,
மேற்படி நிபந்தனையைக் கைவிடுகிறோம்.’
இரண்டு கமாவில் செத்தது அந்த வரி.

ஆனியில் கடை திறந்தது.
இரவு வேலை முடிந்து வந்த தாதி, மரிசெல்,
பாகற்காயை மோந்து பார்த்தாள்.
‘நடந்து வந்தேன்’ என்றாள்,
காசு மிச்சம் என்பதுபோல.
முருங்கைக்காய் மூன்றாம் நாளே முடிந்தது.
பேரங்காடி, இரண்டு மைலுக்கு அப்பால்,
வெங்காயத்தின் விலையைக் குறைத்தது.
அண்ணர் அந்த விளம்பரத் தாளை
காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

இன்று வந்தார். கையில் ரோல்ஸ் பெட்டி.
கதவைச் சாத்தினார்.
பக்கத்துக் கடைக்கு யாரோ பார்க்கினமாம்,
அவையும் மரக்கறிதானாம்.
குளிர்பெட்டிக்கு இன்னும் ஐம்பத்தொரு மாதத் தவணை.
‘குத்தகையில் ஒரு சின்ன வரி போடும் பிள்ளை.
இந்தத் தொகுதியில் வேற ஒருத்தரும்
மரக்கறி விற்கக் கூடாது எண்டு.
பத்து வருஷம் போதும்.’

போதும் என்றார்.

பழைய கோப்பு என் திரையில் திறந்தே கிடந்தது.
சொற்கள் தயார்.
இடத்தின் பெயரை மாற்றினால் சரி.
‘இப்ப அது செல்லாது அண்ணை’ என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
‘செல்லுமெண்டா எழுதியிருப்பியளோ?’

பெட்டியைத் திறந்தேன்.
ரோல்ஸ் இன்னும் சூடாக இருந்தது.
சொல்லத்தான் வேண்டும்,
நல்ல ருசி.