மீண்டவர்கள்

ரீகா நகரத்தில் டிசம்பர்.
மூன்றே முக்காலுக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.
நான்காம் மாடியில் விஸ்மா
திரையில் ஒரு படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
மேல்படியில் ஆயிரம் பேர்.
மறுநாள் நானூற்றுப் பத்து.
ஏழாம் நாள் நூற்றெண்பது.
முப்பதாம் நாள் அறுபத்து மூன்று.
கரும்பச்சையில் தொடங்கி
வெளிறி வெளிறி
கடைசிக் கட்டங்கள் வெள்ளை.

அவர்கள் செய்வது தூக்கச் செயலி.
காதுக்குள் மழை,
தூரத்து ரயில்,
யாரோ துணி மடிக்கும் ஓசை.
துணிக்குத்தான் கிராக்கி அதிகம்,
ஏனென்று எவருக்கும் தெரியாது.

"வெள்ளையைக் குறைக்கணும்" என்றான் காட்டிஸ்.
வியாழக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.

குறைத்தார்கள்.
விடாமல் வந்தால் வளரும் நிலா ஒன்றை வைத்தார்கள்,
ஒருநாள் தவறினால் அமாவாசை.
இரவு பதினொன்றுக்கு ஒரு மணியோசை:
இன்னும் தூங்கவில்லையா?
தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து
இல்லை என்று தொட்டார்கள்.
நூற்றெண்பது
இருநூற்று நாற்பதானது.
காட்டிஸ் கேக் வாங்கி வந்தான்,
உள்ளே கசகசா வைத்தது.

வாடிக்கை என்றால் பழக்கம்.
வாடிக்கை என்றால் கடைக்கு வருகிற ஆள்.
இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியவன்
வியாபாரியாகத்தான் இருந்திருப்பான்.

கேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு
வெள்ளைக்குத் திரும்பினாள் விஸ்மா.
இங்கே இருப்பது யார்?
சலித்துப் போனவரா,
தூங்கிப் போனவரா?
இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்.
ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகக் கிடந்தால்
ஆள் வீட்டுக்குப் போனாரா
வேறெங்காவதா என்று
கட்டிலையா கேட்பது?

நாற்பது பேருக்கு எழுதினாள்.
பதினோரு பதில்கள்.
லியெபாயாவில் ஒரு வெல்டர்:
உங்கள் மழை உருளைக்கிழங்கு பொரிவது மாதிரி இருக்கிறது,
நடுராத்திரி பசிக்கிறது.
ஒருத்தியின் போன் தௌகவா ஆற்றுக்குள்.
ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது,
இனித் தூக்கம் எங்கள் கையில் இல்லை.
ஸெல்மா, பல் மருத்துவர்:
நிலா அணைந்துவிடுமோ என்று விழித்துக் கிடந்தேன்.
செயலியை அழித்தேன், தூங்கினேன்.
கடைசியாக வால்மியெராவிலிருந்து
பெயர் போடாத மூன்று வரி:
பதினாறாம் நாள் பாதி ரயில் ஓசையிலேயே தூங்கிவிட்டேன்.
அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.
தப்பாக நினைக்காதீர்கள்.

அந்தத் 'தப்பாக'வில்
நெடுநேரம் நின்றாள்.

அவளுக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்திருந்தால் ஒரு சொல் உதவியிருக்கும்.
மீள்வது திரும்பி வருவது.
மீள்வது தப்பிக் கரையேறுவதும்தான்.
வால்மியெராக்காரர் மீண்டுவிட்டார்,
அதனால் மீண்டும் வரவில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில்
அட்டவணையில் ஒரு பத்தி கூடியிருந்தது:
இனி வர வேண்டியிராதவர்கள்.
"இதற்கு என்ன நிறம் கொடுப்பது?" என்றான் காட்டிஸ்.
கிண்டல் இல்லை.
அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.
அவளுக்கும்.
பதினொரு மணி ஓசையை எடுத்துவிடலாம் என்றான்,
வியாழன் முடியட்டும்.

அன்றிரவு இரண்டு ஐம்பது.
தெருவில் பனி வாரும் வண்டி
இரும்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது.
பத்தி சரியாக நிற்கிறதா என்று பார்க்கத்தான்
போனை எடுத்தாள்.
எடுத்த கையோடு துணி.
யாரோ மடிக்கிறார்கள்,
நீவுகிறார்கள்,
மறுபடி மடிக்கிறார்கள்.

காலையில் எண்களை வரிசைப்படுத்தினாள்,
அதிகம் வந்தவர் மேலே.
பயனர் ஏழு.
நானூற்றுப் பன்னிரண்டு இரவுகள்,
ஒன்றுகூடத் தவறவில்லை.
ஊழியர் கணக்குகளைக் கழிக்க
யாரோ மறந்திருக்கிறார்கள்.
அவள் பெயருக்குப் பக்கத்தில்
முழு நிலா.