திருத்தம் ஏழு

ஐந்து ரோட்டில் டயர்க்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் உட்கார்ந்து
வின்னிபெக்கில் ஒரு விகாரை வரைகிறேன்,
பதினோரு வருடமாக.

முதலில் வந்தது ஒரு கார் ஷெட்.
லாவோஸிலிருந்து போன ஒன்பது குடும்பம்.
புத்தருக்கு ஆறடி, பாய்களுக்கு மிச்சம்.
ஹீட்டரை எந்த மூலையில் வைப்பது என்பதுதான்
அன்றைக்கு இருந்த ஒரே தத்துவச் சிக்கல்.
'சின்ன வேலைம்மா, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடு'
என்றார் வையாபுரி சார்.

பிறகு ஒரு வீடு. வீட்டை ஒட்டி ஒரு கூடம்.
ஞாயிறு காலை சிங்களவர்கள்,
மாலை வியட்நாம்காரர்கள்,
புதன் இரவு
மூச்சை மட்டும் கவனிக்க வரும் வெள்ளைக்காரர்கள்.
ஒரே அறைக்கு மூன்று அலமாரி, மூன்று பூட்டு.
வரைந்தேன்.
எது யாருடையது என்று கேட்கவில்லை.

மணிச்சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று
எதிர்வீட்டு அம்மாள் நகராட்சிக்கு எழுதிய கடிதத்தையும்
இணைத்து அனுப்பியிருந்தார் டாரில்.
நான் அதைப் படிக்கும்போது இங்கே ஆடி மாதம்.
கோட்டை மாரியம்மனுக்குக் கட்டிய ஒலிபெருக்கியில்
ஜன்னல் கண்ணாடி
எனக்கும் சேர்த்து அருள் வந்து ஆடியது.
மணியைப் பதினான்கு அடி உள்ளே நகர்த்தினேன்.

ஆறாம் வருடம் ஒரு மாதாகோயில் விலைக்கு வந்தது.
உக்ரேனியர் கட்டியது. பிள்ளைகள் வருவதில்லை.
விற்றவர்கள் போட்டது ஒரே நிபந்தனை:
மேற்குச் சுவரின் வண்ணக் கண்ணாடியைத் தொடக்கூடாது.
பிக்குகள் சரியென்றார்கள்.
ஆகவே டிசம்பரில், பிற்பகல் மூன்று மணிக்கு,
ஆட்டுக்குட்டியைச் சுமப்பவரின் நீல அங்கி
ஒரு பொன் தோளில் விழுந்து
இருபது நிமிடம் இருக்கும்.
கோணம் கணக்கிட்டவள் நான்.
ரெஜினா எட்டிப் பார்த்து,
'நம்ம ஆளு அங்க என்ன பண்றாரு?'
'வாடகையில்லாம இருக்காரு.'

காலணி அடுக்குக்கு மட்டும் ஏழு திருத்தம்.
இருநூறு ஜோடி, எல்லாம் முழங்கால் உயர பூட்ஸ்.
பனி உருகும். சாய்வு வேண்டும், வடிகால் வேண்டும்.
அந்தப் பனி எனக்குத் தெரியாது.
ஏற்காட்டில் மார்கழிக் காலையில்
ஜீப் கண்ணாடியில் விரலால் பேர் எழுதுவோமே,
அவ்வளவுதான் என் பனி.
ஆனால் செருப்பு தெரியும்.
கோயில் வாசலிலிருந்து இரண்டு இடதுகால்களோடு
பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவள்.
ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டேன்.
பில்லில் சேர்க்கவில்லை.

ஆத்தூர் போகும் வழியில்
மரவள்ளிக் காட்டு வரப்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.
நீண்ட காது. மடியில் கை. மூக்கு இல்லை.
ஊர் அவரை வேறு பெயரில் கூப்பிடுகிறது,
மழை வேண்டி ஒரு சேவல்கூட அறுக்கிறது.
தீயணைப்பு வழி இல்லை, வாகன நிறுத்தம் இல்லை.
ஆட்சேபம் எழுத எதிர்வீடும் இல்லை.
போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி
டேப்பை நீட்டினேன். மூன்றடி நாலங்குலம்.
கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்
மண்வெட்டியோடு ஓடிவந்தாள்:
'ரோட்டுக்கா அளக்கறீங்க?'
இல்லை என்றேன்.
'அப்ப எதுக்கு?'
டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

நேற்று டாரிலின் மின்னஞ்சல்.
கூட்டம் தாங்கவில்லை, பக்கத்து மனையும் வாங்கியாயிற்று.
அப்புறம், எதிர்வீட்டு அம்மாள்
இப்போது புதன்கிழமைகளில் வருகிறாளாம்.
மூட்டுவலி. தரையில் உட்கார முடியாது.

புதிய கோப்பு திறந்து
அவளுடைய நாற்காலிக்கு மூன்றடி ஒதுக்கினேன்.
கதவோரம்.
மணியிலிருந்து தள்ளி.