பானெட்டின் சூடு

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.
எட்டரைக்கே சாவியைத் திருப்பிவிட்டேன்.

குளிர்ந்து கிடந்து எழும்போதுதான்
என் நீவா உண்மை பேசும்.
இருமும், குலுங்கும்,
பின்னால் நீலமாய் ஒரு புகை கிளம்பி
பக்கத்து வீட்டுத் துணிக்கொடிவரை போகும்.
பத்து நிமிடம் ஓடிவிட்டால்
புகையா, என்னிடமா என்பதுபோல் நிற்கும்.
அந்தப் பத்து நிமிடத்தை
வாங்குகிறவர் வருமுன் தீர்த்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் திட்டம்.

கியூம்ரியில் பிப்ரவரி. மைனஸ் பதினான்கு.
தெருவில் நின்ற அத்தனை வண்டியிலும் பனி.
என் பானெட் மட்டும் ஈரமாய்ப் பளபளத்ததை
நான் யோசிக்கவில்லை.

அஷோட்ஸ்கிலிருந்து வந்தார் வாஹ்ராம்,
பாலாடைக்கட்டி ஏற்ற ஒரு வண்டி தேடி.
டயரை உதைக்கவில்லை. கதவைத் திறக்கவில்லை.
கையுறையைக் கழற்றி
பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.
வைத்த கையை எடுக்காமலே கேட்டார்:
"காபி இருக்கிறதா, ஷுஷான்?
இது ஆற நேரமாகும்."

மூன்று மணி நேரம்.
நாலு கோப்பை.
மாட்டுத் தீவன விலை சொன்னார்,
மலைப்பாதை எந்த வளைவில் அடைபடும் என்று சொன்னார்.
கிராஸ்னதாருக்குப் போன தம்பியைப் பற்றிக் கேட்டார்.
இலையுதிர் காலத்திலிருந்து பேச்சில்லை என்றேன்.
எல்லாவற்றுக்கும் நிஜமே சொன்னேன்,
வண்டியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

பிறகு போய்ச் சாவியைத் திருப்பினார்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
நெருப்புச் சரியாகப் பற்றாமலும் புகையும்
என்று அன்று பார்த்தேன்.
"கறுப்பாய் வந்தால் கார்ப்பரேட்டரைத் திட்டிவிட்டுப் போகலாம்.
இது நீலம். ஆயில் குடிக்கிறது" என்றார்,
குற்றம் சொல்லும் குரலில் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே
ரப்பர் பிடிபோட்ட குறட்டால்
பிளக் ஒயரை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினார்.
முதலாவதுக்கு இன்ஜின் தடுமாறியது.
இரண்டாவதுக்கு நின்றே போகப் பார்த்தது.
மாட்டினார், மறுபடி மூச்சு வந்தது.
மூன்றாவதைப் பிடுங்கினார்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை இன்ஜின்.
அதே குலுக்கல், அதே இருமல்.
"இவன்தான். போனாலும் தெரியவில்லை பாருங்கள்."

எங்கள் வீட்டிலும் நாலு பேர்.

கழற்றிய பிளக்
எண்ணெயில் முக்கிய திரி மாதிரி இருந்தது.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
குளிர்காலம் முழுக்க எனக்குள்
அந்த இன்ஜினைப் புதைத்துவிட்டிருந்தேன்:
ரிங் போச்சு, போர் தேய்ஞ்சு போச்சு,
ஏமாளி ஒருவன் தலையில் கட்டினால்தான் உண்டு.

பைக்குள்ளிருந்து கேஜை எடுத்துச் செருகி
என்னைச் சாவி திருப்பச் சொன்னார்.
பதினொன்று. பதினொன்று.
மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தார்.
பத்தரை. அடுத்தது பதினொன்று.

"ரிங்கெல்லாம் கல் மாதிரி இருக்கிறது, அம்மா.
வால்வு சீல்தான் விறைத்துப்போயிற்று.
ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டாய் இறங்குகிற ஆயில்
காலையில் எரிகிறது.
எட்டு ரப்பர் தொப்பி.
என் கட்டி ஒரு கிலோ இதைவிட விலை."

தன் பையிலிருந்து புது பிளக் ஒன்றைப் போட்டுக்
கிளப்பிக் காட்டினார்.
புகை இருந்தது. குலுக்கல் போய்விட்டது.
இரண்டு வருடமாய் நான் கேட்காத சத்தம்,
நாலும் சேர்ந்து ஓடுகிற சத்தம்.
விற்கவில்லை என்று வாய்வரை வந்தது.
தம்பி மேல் இருந்த கடன்
அதை உள்ளே தள்ளிவிட்டது.

ஒன்பது லட்சம் டிராம் கேட்டிருந்தேன்.
பானெட்டின் மேலேயே வைத்து எண்ணினார்.
எட்டு லட்சத்து அறுபதாயிரத்தில் நிறுத்தினார்.

"ரப்பருக்காக ஒரு காசும் குறைக்கவில்லை" என்றார்.
"காலையில் என் கைக்குக் கொடுத்தீர்களே ஒரு சூடு,
அதற்குத்தான் இந்த நாற்பது."

நோட்டுகளை எண்ணினேன். சரியாக இருந்தது.
அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க
இன்னொரு முறை எண்ணினேன்.